நின்றுறங்கும் பசு

அமெரிக்க ஐக்கிய நாட்டின் மத்திய மேற்குப் பகுதியிலே விஸ்கொன்சின், அயோவா என்னும் மாநிலங்கள் உள. கண்ணுக்கெட்டிய தூரம் வரை சோளக் கொல்லைகளும் புற்றரைகளும் பரந்து கிடக்கும் நாடு அது. விஸ்கொன்சின் மாநிலத்தார் தம் மோட்டார் வண்டிகளின் இலக்கத் தகட்டிலேயே, 'அமெரிக்காவின் பால் நாடு' என்னும் கருத்துப்பட 1940ஆம் ஆண்டு முதல் எழுதி வைத்திருக்கின்றனர். அப்பகுதிக்கு மேற்படிப்புக்காகவோ உறவினர் வீட்டுக்கு விருந்தாகவோ பட்டணத்திலிருந்து முதன்முறையாக வந்து சேரும் இளைஞனுக்கு, ஊர் இளைஞர் சொல்லும் கதை ஒன்று உண்டு.

நள்ளிரவிலே, ஊர் அடங்கிய பின், முட்கம்பி வேலியைத் தாண்டிப் புற்றரைக்குள் இறங்க வேண்டும். அங்கே பசுக்கள் நின்றபடியே உறங்கிக்கொண்டிருக்கும். ஓசைப்படாமல் அவற்றுள் ஒன்றை அணுகி, அதன் விலாப்புறத்திலே தோளைக் கொடுத்து ஓர் உந்து உந்தினாற் போதும். பசு மரம் சாய்வதுபோலச் சாய்ந்து விழும். விழுந்த பசுவினால் மீண்டும் எழுந்திருக்க முடியாது. காலையிலே கமக்காரன் வந்து பார்க்கும்போது, நான்கு கால்களும் ஒரு பக்கம் நீண்டிருக்க, அது விழுந்த இடத்திலேயே கிடக்கும்.

இக்கதையைச் சொல்பவன் பெரும்பாலும், தான் அதைச் செய்ததாகச் சொல்வதில்லை. மைத்துனன் ஒருவன் செய்தான் என்பான்; அல்லது பக்கத்து ஊர்ப் பாடசாலையின் உதைபந்தாட்டக் குழுவினர் செய்தனர் என்பான். கேட்பவன் வியப்பான், சிரிப்பான், பட்டணத்துக்குத் திரும்பியதும் தன் நண்பருக்குச் சொல்வான். 1970களின் பிற்பகுதி முதல் இக்கதை இவ்வாறே பெருகி, இன்று ஆங்கிலம் வழங்கும் நாடுகள் பலவற்றிலும் அறியப்பட்டதாயிற்று. பால் கறக்கும் பசுவை ஒருமுறையேனும் தொட்டிராதவர்களே இதை எல்லாரினும் உறுதியாக நம்புகின்றனர் என்பது கவனிக்கத் தக்கது.

கதை மெய்யா பொய்யா என்று பார்ப்பதற்கு முதலில் அதன் அத்திவாரத்தைத் தோண்டிப் பார்த்தல் வேண்டும். பசு நின்றபடி உறங்குமா?

மாடு வளர்க்கும் குடும்பத்துச் சிறுவன் எவனும் இதற்கு விடை சொல்வான். பசு நாளொன்றிற் பத்து மணி நேரத்துக்குமேற் படுத்தே கிடக்கும் பிராணி. மேய்ந்து வயிறு நிறைந்ததும் முன்கால்களை மடித்து, நெஞ்சைத் தரையிற் பதித்துப் படுத்துக்கொண்டு இரைமீட்கும். அப்போது கண்கள் பாதி மூடியிருக்கும். தாடை மட்டும் அசைந்துகொண்டிருக்கும். இந்த அரைத்துயில் நிலையிலே அது பல மணி நேரத்தைக் கழிக்கின்றது. உண்மையான உறக்கமோ மிகவும் குறைவு. மூளையின் மின்னலைகளைப் பதிந்து ஆராய்ந்தவர்கள், பசுவின் உறக்கம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 மணி நேரந்தான் என்றும், அதுவும் தொடர்ச்சியாக அன்றித் துண்டுதுண்டாக நிகழ்வதென்றும் கண்டனர். அந்த நான்கு மணியுள்ளும் கனவு காணும் ஆழ்ந்த உறக்கம் ஒரு மணி நேரத்துக்குக் குறைவு. அவ்வாழ்ந்த உறக்கத்தில் உடற்றசைகள் தளர்ந்துவிடுவதால், நின்றுகொண்டு அதைப் பெறுதல் பசுவுக்கு இயலாது. கழுத்துத் தளர்ந்து, தலையைப் பின்னோக்கி வளைத்துத் தன் விலாவின்மேற் சாய்த்து வைத்துக்கொண்டு உறங்கும் பசுவைத் தொழுவத்திற் கண்டவர்கள் கண்டது இந்த உறக்கத்தைத்தான்.

நின்றபடி துயிலும் பிராணி குதிரை. அதன் பின்காலிலே முழங்காற் சில்லு ஒரு கொளுவியிலே மாட்டியதுபோலப் பூட்டிக்கொள்ளும் அமைப்பு இருக்கின்றது. ஆதலால் தசைகள் அதிகம் உழையாமலே அது நிற்கவும் இலேசாகக் கண்ணயரவும் கூடும். ஆழ்ந்த உறக்கத்துக்குக் குதிரையும் படுக்கத்தான் வேண்டும். குதிரையின் இயல்பைப் பசுவின்மேல் ஏற்றிவிட்டவன், இரண்டையும் வேலிக்கு வெளியே நின்று பார்த்தவனாகவே இருத்தல் வேண்டும்.

அப்படியானால் இரவிலே புற்றரையில் நிற்கும் பசு என்ன செய்துகொண்டிருக்கின்றது? விழித்துக்கொண்டிருக்கின்றது. அதன் விழிகள் தலையின் இரு பக்கங்களிலும் அமைந்திருப்பதால், தன் முதுகுக்கு நேர் பின்னே உள்ள ஒரு சிறு பகுதி தவிரச் சுற்றிலும் உள்ளவற்றைத் தலையைத் திருப்பாமலே அது காண்கின்றது. மனிதர் கேட்கும் ஒலிகளுக்கு மேற்பட்ட நுண்ணொலிகளையும் அதன் செவி அறியும். மனிதச் செவி விநாடிக்கு 20,000 அதிர்வு வரை கேட்குமாயின், மாட்டின் செவி 35,000 வரை கேட்கும் என அளந்திருக்கின்றனர். மோப்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. கதையில் வரும் இளைஞர் வழக்கமாகப் பியர் அருந்திவிட்டே புறப்படுவர். காற்று எதிர்ப்புறமிருந்து வீசினாலும், அவர் வேலியைத் தாண்டும்போதே மந்தை முழுவதும் தலை தூக்கிப் பார்த்திருக்கும்.

இவ்வளவும் ஒருபுறம் இருக்க, பசு அசையாத கற்சிலைபோல நிற்கின்றது என்றே வைத்துக்கொண்டால், ஒருவன் தோள்வலிமை அதைச் சாய்த்துவிடுமா? இதைக் கணக்கிட்டே பார்த்துவிட்டார்கள். 2005ஆம் ஆண்டிலே, கனடாவின் பிரித்தானிய கொலம்பியாப் பல்கலைக்கழகத்து விலங்கியலாளர் மார்கோ லில்லி என்பவரும் அவருடைய மாணவி திரேசி பொய்ச்லர் என்பவரும் செய்த கணக்கு அது.

கணக்கின் அடிப்படை எளிது. எப்பொருளும் தன் புவியீர்ப்பு மையம் தன் பாதங்களுக்கு இடைப்பட்ட பரப்பின் மேல் இருக்கும்வரை விழாது. ஓடும் பஸ்ஸில் நிற்பவன் காலை அகல வைப்பதன் காரணமும் இதுவே. பசுவைச் சாய்ப்பதானால், அதன் நிறை முழுவதையும் ஒரு பக்கத்துக் குளம்புகளின் விளிம்பைத் தாண்டும் வரை தூக்கிச் செலுத்துதல் வேண்டும். அமெரிக்கப் பாற்பண்ணைகளிற் பெரிதும் காணப்படும் ஹொல்ஸ்டீன் இனத்துப் பசு 1,500 இறாத்தல், அஃதாவது 680 கிலோகிராம் வரை நிறையுடையது. 1.45 மீற்றர் உயரமுள்ள ஒரு பசுவை, தரைக்கு 23.4 பாகை சாய்வாக உந்தினால், வேண்டிய விசை 2,910 நியூற்றன் என்று அம்மாணவி கண்டார். ஐம்பது கிலோ அரிசி மூடை ஆறின் நிறைக்கு நிகரான விசை அது. ஒருவர் 660 நியூற்றன் விசையுடன் தள்ள வல்லவர் எனக் கொண்டால், தேவைப்படுவோர் தொகை 4.43 ஆகும்! நாலு பேரும் ஐந்தாமவனின் பாதியும் என்பது கணக்கிலே வரலாம், புற்றரையிலே வர முடியாது. மேலும் பசு தன்னைத் தாங்கிக்கொள்ள முயலுமாதலால் ஐந்தாறு பேரேனும் வேண்டும் என்பது அவர்களின் முடிவு. ஆசிரியர் அதே கணக்கைத் திரும்பவும் பார்த்தபோது, பசு சற்றும் அசையாமல் இருக்குமானால், நிலையியல் விதிப்படி இரண்டு பேரே போதியதாகலாம் என்றும் கண்டார். ஆயின் பசு அசையாதிருப்பதில்லை. அது விலகுமுன் தள்ளி முடிக்க வேண்டுமாயின் மிக விரைவாகத் தள்ள வேண்டும். மனிதன் எவ்வளவு விரைவாக இயங்குகின்றானோ அவ்வளவுக்கு அவன் செலுத்தக்கூடிய விசை குறையும். ஆகவே செயலளவில் இது நடவாத காரியம் என்று அவர் கருதினார்.

பின்னர் இக்கணக்கை எடுத்துப் பார்த்தவர் வட கரோலைனாவிலுள்ள டியூக் பல்கலைக்கழகத்து உயிரியற் பேராசிரியர் ஸ்ரீவன் வோகல். உயிர்களின் உடலமைப்பைப் பொறியியற் கண்கொண்டு ஆராய்வதிலே பேர் பெற்றவர் அவர். வேண்டிய விசை ஏறத்தாழ 3,000 நியூற்றன் என்பதை அவர் ஒப்புக்கொண்டார். ஆனால் ஒரு மனிதனின் தள்ளும் வலிமையை முன்னையோர் மிகைப்படுத்திவிட்டனர் என்றார். பசுவின் தோளுயரத்திலே ஒருவன் 300 நியூற்றனுக்கு மேல் தள்ள முடியாது. ஆகவே பத்துப் பேர் வேண்டும். பசு தன் கால்களைச் சிறிது அகட்டி நின்றுகொள்ளுமாயின் தேவை 4,000 நியூற்றனாக உயரும். அப்போது பதினான்கு பேர் வேண்டும்.

பதினான்கு பேர் எங்கே நிற்பது? பசுவின் உடல், தலையையும் கழுத்தையும் நீக்கிப் பார்த்தால், ஆறடிக்கு உட்பட்ட நீளமே உடையது. மனிதன் ஒருவன் தோளை முன்கொடுத்து நிற்க ஒன்றரை அடி இடமாவது வேண்டும். நால்வர் நின்றதும் இடம் நிறைந்துவிடும். எஞ்சிய பத்துப் பேர் முன்னவரின் முதுகைத் தள்ளிக்கொண்டு இருளிலே வரிசையாக நிற்க வேண்டியதுதான். கால்களின் கீழே இருப்பதோ பனியில் நனைந்த புல்; அதனிடையே மாட்டுச் சாணம். தள்ளுபவனின் பாதம் தரையைப் பற்றிக்கொள்ளாதவிடத்து அவன் வலிமையாற் பயனில்லை. பசு நகராது, அவனே பின்னோக்கி வழுக்குவான்.

கணக்கை விட வலிய சான்று ஒன்று கமக்காரரின் நாளாந்த வாழ்க்கையிலேயே இருக்கின்றது. மாட்டைக் கீழே வீழ்த்த வேண்டிய தேவை மெய்யாகவே ஏற்படுவதுண்டு. குளம்பு சீவ வேண்டும், காயத்துக்கு மருந்திட வேண்டும், சத்திர சிகிச்சை செய்ய வேண்டும். அவ்வேளைகளில் மேலைநாட்டு மிருக வைத்தியர் ஒருவரும் மாட்டை விலாவிலே தள்ளுவதில்லை. நீண்ட கயிறொன்றைக் கழுத்திலே கட்டி, முன்கால்களுக்குப் பின்னால் நெஞ்சைச் சுற்றி ஒரு சுருக்கும், பின்கால்களுக்கு முன்னால் வயிற்றைச் சுற்றி இன்னொரு சுருக்கும் இட்டு, கயிற்றின் நுனியைப் பின்னோக்கி இழுப்பர். கயிறு உடலை இறுக்க, மாடு கால் மடிந்து தானாகவே தரையில் அமர்ந்து சாயும். பெரிய பண்ணைகளிலே மாட்டை நிற்கும் நிலையிலேயே ஒரு பலகைமேசையோடு வாரினாற் பிணைத்து, மேசையையே இயந்திரத்தாற் சாய்த்துவிடுகின்றனர். தமிழூர்களிலே வண்டில் மாட்டுக்கு இலாடம் அடித்த காலத்தை நினைவில் வைத்திருப்போர் இன்னும் உளர். அங்கும் கால்களைக் கயிற்றாற் பிணைத்து, ஒருவர் தலையைப் பிடிக்க, மற்றவர் கயிற்றை இழுத்தே மாட்டைப் படுக்க வைத்தனர். வெறுங்கைகளாலே தள்ளி வீழ்த்தும் வழி ஒன்று இருந்திருக்குமானால், மாட்டோடு பரம்பரை பரம்பரையாக வாழ்ந்த இத்தனை மக்களும் கயிற்றைத் தேடி அலைந்திருக்க மாட்டார்கள்.

விழுந்த பசு எழமாட்டாது என்பது கதையின் அடுத்த கூறு. நோயற்ற பசு பக்கவாட்டிற் படுத்திருந்தாலும் உருண்டு நெஞ்சின்மேல் அமர்ந்து, முதலிற் பின்கால்களை நிமிர்த்தி, பிறகு முன்கால்களை ஊன்றி எழும். நாளொன்றிற் பலமுறை அது இதைச் செய்கின்றது. ஆயின் இக்கூற்றிலே உண்மையின் சாயல் சிறிது உண்டு என்பதையும் சொல்லியாக வேண்டும். கன்றீன்ற உடனே பாலுக்காகச் சுண்ணாம்புச் சத்தைப் பெருமளவில் இழக்கும் பசு, இரத்தத்தில் அச்சத்துக் குறைந்து, எழ வலியின்றிக் கிடப்பதுண்டு. அதைக் கமக்காரர் பாற்காய்ச்சல் என்பர். உரிய மருந்தை இரத்தக் குழாயிற் செலுத்தினால் பெரும்பாலும் சிறிது நேரத்திலேயே எழுந்து நிற்கும். இன்னும், பசு நெடுநேரம் பக்கவாட்டிற் கிடந்தால் அதன் முதலிரைப்பையில் உண்டாகும் வாயு வெளியேற வழியின்றி வயிறு ஊதி உயிருக்கே ஆபத்து நேரும். ஆகவேதான் நோயுற்று விழுந்த மாட்டை மிருக வைத்தியர் உடனே நெஞ்சின்மேல் நிமிர்த்தி வைக்கின்றனர். அடர்ந்த மயிர் சுமந்த செம்மறியாடோ மல்லாந்து விழுந்தால் தானாகப் புரள முடியாமலே மாண்டுபோவதும் உண்டு. காலையிலே புற்றரையில் இவற்றுள் ஒன்றைக் கண்டு, இரவிலே யாரோ தள்ளிவிட்டார்கள் என்று எண்ணியவன் இருந்திருக்கலாம்.

ஆயினும் இக்கற்பனைக்கு அமெரிக்கக் கமக்காரர் மட்டும் உரியவரல்லர். அது மிகப் பழையது. உரோமைச் சேனாபதி யூலியஸ் சீசர், கி.மு. முதலாம் நூற்றாண்டிலே கோல் நாட்டுப் போர்களைப் பற்றி எழுதிய நூலின் ஆறாம் புத்தகத்தில், ஜேர்மானியக் காடுகளில் வாழும் எல்க் என்னும் பெருமானைக் குறித்து ஒரு செய்தி சொல்கின்றார். அதன் கால்களில் மூட்டுகளே இல்லையாம்; அது படுப்பதே இல்லையாம்; மரத்திற் சாய்ந்தபடி உறங்குமாம்; ஒருமுறை விழுந்தால் எழ முடியாதாம். வேடர் அது சாயும் மரத்தை அறிந்து, அடியை முக்காற் பங்கு வெட்டி வைத்துவிடுவராம். இரவிலே மரத்தோடு மானும் விழும். உலகத்தைக் கட்டியாள முயன்ற ஒருவர் இதை நம்பியிருக்கின்றார்! அவருக்கும் யாரோ ஓர் ஊர் இளைஞன், முகத்தைச் சிறிதும் மாற்றாமற் சொல்லியிருக்க வேண்டும்.

இதே கதை யானையின்மேலும் ஏற்றப்பட்டது. யானைக்கு முழங்கால் மூட்டு இல்லை, அது மரத்திற் சாய்ந்தே உறங்கும், மரத்தை அரிந்து வைத்தால் விழுந்து அகப்படும் என்று ஐரோப்பாவிலே ஆயிரம் ஆண்டுக்கு மேலாக நம்பினர். அரிஸ்டோட்டில் இதனை அக்காலத்திலேயே மறுத்து, யானை கால்களை மடித்து அமர்கின்றது என்று எழுதி வைத்தார். எழுதியும் பயனில்லை. 1646ஆம் ஆண்டிலே, இங்கிலாந்தின் நொரிச் நகரத்து வைத்தியர் சேர் தோமஸ் பிரவுண் உலகத்தாரின் பிழைபட்ட நம்பிக்கைகளைத் தொகுத்து மறுத்த தம் பெருநூலில் யானையின் மூட்டையும் சேர்க்க வேண்டியதாயிற்று. சில ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் பல ஊர்களிலும் ஒரு யானை காட்டப்பட்டது, அது மண்டியிட்டதையும் படுத்ததையும் மக்கள் கண்ணாற் கண்டனர் என்று அவர் நினைவூட்டினார். அப்படியிருந்தும், அடுத்த தலைமுறையில் இப்பிழை மீண்டும் உயிர்பெற்றாலும் பெறும் என்று அவர் ஐயுற்றார். அந்த யானையைக் கண்டவர்கள் மாண்டுபோனபின் காணாதவர்களிடம் கதை மட்டுமே எஞ்சும் என்பது அவருடைய கவலை.

1845 முதல் 1850 வரை இலங்கையிலே அரசாங்கச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் ரெனன்ற், 1859இல் இத்தீவைப் பற்றி வெளியிட்ட நூலிலே, யானையைப் பற்றி விரித்து எழுதுமிடத்து இப்பழங்கதையின் வரலாற்றையும் ஆராய்ந்திருக்கின்றார். இலங்கையருக்கு அந்த ஆராய்ச்சி வேண்டியிருக்கவில்லை. யானை படுத்தாலும் குதிரை மட்டம் என்று பழமொழி சொல்லும் தமிழருக்கு, யானை படுக்கும் என்று இங்கிலாந்து வைத்தியர் ஒருவர் நூலெழுதி நிறுவ வேண்டிய தேவை ஏது?

யானை ஐரோப்பியருக்கு அயல்நாட்டு விலங்கு. ஆதலால் அவர் அதைப்பற்றி எதையும் நம்பியதிலே வியப்பில்லை. பசு அவ்வாறன்று. அமெரிக்காவிலே முந்திய தலைமுறைகளில் வீட்டுக்கு வீடு நின்ற பிராணி அது. அதைப்பற்றி யானைக் கதை எவ்வாறு எழுந்தது? 1920ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பிலேதான் அந்நாட்டின் பட்டணவாசிகள் முதன்முறையாகக் கிராமவாசிகளின் தொகையை விஞ்சினர். அதன்பின் இயந்திரங்கள் பெருகின, சிறு பண்ணைகள் பெரும் பண்ணைகளுள் மறைந்தன, பிள்ளைகள் பட்டணம் போயினர். இன்று அங்கே பண்ணைத் தொழிலிலே நேரே ஈடுபட்டிருப்போர் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. எஞ்சியோர்க்குப் பசு என்பது பாற்போத்தலின் மேல் ஒட்டிய படம். 1640களில் இங்கிலாந்துக்கு யானை எவ்வளவு தொலைவில் இருந்ததோ, 1980களில் அமெரிக்கப் பட்டணத்துக்குப் பசுவும் அவ்வளவு தொலைவுக்குப் போய்விட்டது.

அந்த இடைவெளியிலேதான் பகிடி புகுந்தது. பட்டணத்தார் கிராமத்தாரை மந்தபுத்தியர் எனச் சிரிப்பது எந்நாட்டிலும் உள்ள வழக்கம். கிராமத்தார் அதற்குப் பதில் கொடுக்கும் வழிகளும் பழையன. அமெரிக்காவிலே பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் வழங்கும் உள்ளான் வேட்டை அவற்றுள் ஒன்று. புதிதாக வந்தவன் கையிலே ஒரு சாக்கைக் கொடுத்து, இருண்ட பற்றைக் காட்டிலே தனியே நிறுத்தி, உள்ளான் குருவிகளை அவன்பால் துரத்தி வருவதாகச் சொல்லிவிட்டு, மற்றவர்கள் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவர். அவன் சாக்கின் வாயைத் திறந்து பிடித்தபடி விடியுமட்டும் நுளம்புக்கடி வாங்கிக்கொண்டு நிற்பான். உள்ளான் என்பது மெய்யான பறவைதான். சாக்கிலே வந்து விழும் பறவை மட்டும் இல்லை. பசுவைத் தள்ளும் கதையும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. பசு மெய், புற்றரை மெய், இரவு மெய். கதையிலே ஏமாறுவது பசு. கதையைக் கேட்டு நள்ளிரவிலே வேலி தாண்டும் பட்டணத்தானே உண்மையில் ஏமாறுகின்றான்.

ஆயின் பட்டணத்தார் இக்கதையைக் கைக்கொண்ட விதம் வேறு. கிராமத்திலே பொழுதுபோக்குக்கு வேறொன்றும் இல்லாமையால் அங்குள்ளவர் மாட்டைத் தள்ளிச் சிரிக்கின்றனர் என்று அவர்கள் அதைத் திருப்பிச் சொன்னார்கள். ஏமாற்றுவதற்காகக் கிராமத்தான் புனைந்த கதை, கிராமத்தானை இழிவுபடுத்தும் கதையாக மாறிற்று. சினிமா அதை அவ்வடிவிலேயே உலகெங்கும் கொண்டுபோயிற்று. 1995இல் வெளிவந்த 'ரொமி போய்' என்னும் நகைச்சுவைப் படத்தில் அத்தகைய காட்சி ஒன்று வருகின்றது. 2006இல் வந்த 'கார்ஸ்' என்னும் சித்திரப் படத்திலோ பசுவுக்குப் பதிலாக உழவு இயந்திரங்கள் வயலிலே நின்றுறங்க, வாகனங்கள் ஒலி எழுப்பி அவற்றை மல்லாத்துகின்றன. அப்படத்தைக் கண்ட சிறுவர்கள் பசுவைக் காணுமுன்பே பசு நின்றுறங்கும் என்று கற்றுக்கொண்டனர்.

தாம் அதைச் செய்ததாக உறுதியாகச் சொல்வோர் ஒருவரும் இல்லையா எனின், இருக்கின்றனர். இளம்பருவத்து நினைவு, மதுமயக்கம், இருள், ஆண்டுகள் பல சொல்லிச் சொல்லித் தேய்ந்த கதை ஆகிய இவை நான்கும் சேர்ந்த சாட்சியத்தின் மதிப்பை நீதவான் எவரும் அறிவார். தள்ளியதும் பசு திடுக்குற்று ஓடியதையே, விழுந்ததாகப் பின்னர் நினைத்துக்கொண்டவர் சிலராவது இருத்தல் கூடும். ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் படக்கருவி இருக்கும் காலம் இது. மனிதர் செய்யும் மூடச்செயல் யாதாயினும் அதன் அசையும் படம் எங்கேனும் கிடைக்கின்றது. பூனை பியானோ வாசிப்பதுகூடக் கிடைக்கின்றது. மனிதர் தள்ளிப் பசு சாயும் நம்பத் தகுந்த படம் மட்டும் கிடைக்கவில்லை என்று 2013ஆம் ஆண்டிலே அமெரிக்க விவசாயச் சஞ்சிகை ஒன்று சுட்டிக்காட்டிற்று.

பொய்க்கதைதானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று கமக்காரர் விட்டுவிட முடியாதிருக்கின்றனர். கதையை மெய்யென்று நம்பி வேலி தாண்டும் இளைஞர் மெய்யான மனிதர்; அவர் கலைக்கும் மந்தையும் மெய்யான மந்தை. இருளிலே வெருண்டு ஓடும் சினைப்பசு முட்கம்பியிற் பாய்ந்து கிழிபடும்; பள்ளத்தில் இடறிக் கால் முறியும். கால் முறிந்த பசுவைப் பெரும்பாலும் கொல்ல வேண்டியே வரும். இளைஞருக்கும் தீங்கு குறைவன்று. அயோவா, கன்சஸ், மிசூரி, நெப்ராஸ்கா என்னும் நான்கு மாநிலங்களில் 2003 முதல் 2008 வரை மாடுகளால் நேர்ந்த மரணங்கள் 21 என்று அந்நாட்டு நோய்த் தடுப்பு நிலையம் 2009இல் வெளியிட்ட அறிக்கை கூறுகின்றது. மாண்டவர்கள் மாட்டோடு பழகியறியாத வழிப்போக்கர் அல்லர். பெரும்பாலும் பண்ணையிலே மாட்டோடு வேலை செய்தவர்கள், அதன் குணம் அறிந்தவர்கள். கொன்றவற்றுள்ளும் காளைகள் மட்டுமன்றிப் பசுக்களும் இருந்தன. கன்றை அருகில் வைத்திருக்கும் பசுவை இருளிலே அணுகுவது என்ன காரியம் என்பதை அயோவாக் கமக்காரனும் அறிவான், வன்னியிலே பட்டி வைத்திருப்பவனும் அறிவான்.

அதனாலேயே, ஊர் இளைஞர் இக்கதையைச் சொல்லி ஒருவனை வேலிவரை கூட்டிச் சென்றாலும் தாம் உள்ளே இறங்குவதில்லை. அவர் வேலியிலே சாய்ந்து நின்றுகொள்வர். பட்டணத்தான் குனிந்து குனிந்து, மூச்சையும் அடக்கிக்கொண்டு, ஈரப் புல்லின்மேல் அடிமேல் அடி வைத்துப் போவான். இருபது யார் தூரத்திலே பசு காதைத் திருப்பும். பத்து யார் தூரத்திலே தலையைத் தூக்கும். அவன் கையை நீட்டும் நேரத்திலே, அவசரம் எதுவும் இல்லாமல், நாலடி அப்பால் நகர்ந்து நின்று, திரும்பி அவனைப் பார்த்தபடி இரைமீட்கத் தொடங்கும். வேலிப்பக்கத்திலே அடக்கி வைத்திருந்த சிரிப்பு அப்போதுதான் வெடிக்கும்.